குடலேற்றமும் குடல்வாலும்

குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதலில் கிடைக்கும் பெயர் குடலேற்றம். எங்கேயோ விழுந்ததில் குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி நீவி இறக்குவார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் ஐரோப்பாவின் கதையையும் பார்க்க வேண்டும். 1735-லேயே லண்டனில் அறுவை மருத்துவர் கிளாடியஸ் அமியாண்ட், 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது, குண்டூசி குத்தி ஓட்டையான குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) கண்டு வெட்டியெடுத்தார், பையன் பிழைத்தான். ஆனாலும் அடுத்த நூற்றாண்டிலும் வலது அடிவயிற்று வலிக்குப் பெருங்குடலின் தொடக்கப் பையையே பெரும்பாலான மருத்துவர்கள் குற்றம் சொன்னார்கள். பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 257 நோயாளிகளின் விவரங்களை அடுக்கி, வேர் குடல்வாலில்தான் என்று காட்டி ‘அப்பெண்டிசைட்டிஸ்’ எனப் பெயரிட்டது 1886-இல். கண்ணெதிரே சான்று இருந்தும் அதுவரை பழைய பெயரே வென்றது. இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய தடை கருவி இல்லாதது அல்ல, முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும் பெயர்தான் என்பது என் வாதம்.

குழந்தைகளிடம் இந்தத் தடை இரட்டிப்பாகிறது. குடல்வால் நோயில் தொட்டால் அதிகம் வலிக்கும் இடமாக 1889-இல் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி குறித்துக் கொடுத்தது வலது அடிவயிறு. வலியோ பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும்; எங்கே வலிக்கிறது என்றால் மூன்று வயதுக் குழந்தை தொப்புளைத்தான் தொடும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, நோய் தெரியவரும்போதே குடல்வால் வெடித்திருக்கும். குழந்தைகளிடம் இந்த நோயைக் கணிக்க 2002-இல் மருத்துவர் மதன் சாமுவேல் வெளியிட்ட 10 புள்ளிக் கணக்கில், இருமினாலோ குதித்தாலோ வலது அடிவயிற்றில் வலிப்பதற்கு 2 புள்ளி. வலது பக்கம் சாய்ந்து, குனிந்தபடி நடக்கும் பேரனைப் பார்த்தே சந்தேகப்படும் பாட்டிக்கு இது புதிதாக இருக்காது.

ஓசூர் போன்ற தொழில்நகரத்துக்கு இதெல்லாம் பழங்கதை என்று சொல்லலாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். 2022 முதல் மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி. எல்லாம் சரி. ஆனால் ஷிப்டு முடிந்து வரும் பெற்றோர் முதலில் நிற்பது மருந்துக்கடையில், அங்கே கிடைக்கும் பெயர் ‘கேஸ்’. ஸ்கேன் இருக்கிறதே என்றால், அதில் குடல்வால் தென்படாதது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் கழித்து அதே கை மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓசூரில் ஒருவர், பெங்களூரு வழியில் அத்திப்பள்ளி தாண்டி இன்னொருவர் என்று மருத்துவர் மாறும்போது அந்த ஒப்பீடு அறுந்துபோகிறது. வலி மருந்து நோயை மறைத்துவிடும் என்று முன்பு அஞ்சினார்கள். பின்னாள் ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. வலி தணிந்ததும் ‘கேஸ்தான்’ என்று வீடு திரும்புவதே ஆபத்து. குடல்வால் வெடித்த பிறகும் சிறிது நேரம் வலி தணிவதுண்டு.