சுடலையில் நின்று பாடிய மன்னன்

வைரமுத்து என்றதும் இன்றைய தலைமுறையினருக்குத் தமிழகத்துக் கவிஞரே நினைவுக்கு வருவார். நான் எழுத வந்தது எங்கள் காங்கேசன்துறை வைரமுத்துவைப் பற்றி. நடிகமணி வி. வி. வைரமுத்து 1924 பெப்ரவரி 11 இல் பிறந்து, 1989 ஜூலை 8 இல் மறைந்தவர். ‘வசந்த கான சபா’ அவருடைய நாடக மன்றம்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடக மரபு, தமிழகத்துக் குழுக்களோடு கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். நடிகனே பாடவும் வேண்டும். அந்த மரபை எங்கள் மண்ணின் சொத்தாக்கியவர்களுள் முதன்மையானவர் வைரமுத்து. நந்தனார், சத்தியவான் எனப் பல வேடங்கள் ஏற்றாலும், மக்கள் மனத்தில் நிலைத்தது ‘அரிச்சந்திர மயான காண்டம்’தான்.

சிறுவனாக நானும் கோயில் வீதி மணலில் பாய் விரித்துக் காத்திருந்திருக்கிறேன். நடுச்சாமம் கடந்த பின்னரே அரிச்சந்திரன் சுடலைக்கு வருவான். அதுவரை உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். பாம்பு தீண்டி மாண்ட மகனைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். பெற்ற மகன் என்று அறிந்த பின்னரும் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான் காவற்காரன். அவர் குரலெடுத்துப் பாடும்போது சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்த முதியவர்களும் சால்வையால் கண்களை ஒற்றிக்கொள்வார்கள். எழுத்தறியாதவர்கள் அந்தப் பாடல்களை அடி பிசகாமல் அறிந்திருந்தார்கள்.

அப்போது எனக்குப் புலப்படாத ஒன்று பின்னாளில் புலப்பட்டது. நாடாண்ட மன்னன் சுடலை காப்பவனுக்கு அடிமையாகி நிற்கும் கதை அது. நந்தனார் கதையோ கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனின் கதை. காங்கேசன்துறைக்கு அயலூரான மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோயிலின் கதவு திறக்க வேண்டுமென்று ஒடுக்கப்பட்ட மக்கள் 1968 இல் போராடினார்கள். அத்தகைய சமூகத்தில், இக்கதைகளுக்காக விடிய விடியக் கண்ணீர் விட்டவர்களுள் எத்தனை பேர் விடிந்தபின் தம் வீட்டுப் படலையைத் திறந்து வைத்தார்கள்? கலை மனத்தை இளக்கியது. வழக்கத்தை அவ்வளவு எளிதில் இளக்கவில்லை.

அவர் மறைந்தபோது இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டிருந்தது. நான் பணியாற்றிய பத்திரிகையில் மரணச் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் நடுவே அவருக்கு நான் ஒதுக்கியது சில வரிகளே. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு, 1990 இல், காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் முகாம்களுக்கும், கொழும்புக்கும், கனடாவுக்கும் சிதறினார்கள். கலைஞன் மறைந்து ஓராண்டுக்குள் அவனுடைய இரசிகர் கூட்டமும் ஊரை இழந்தது.

2015 இல் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2023 இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. நாடகம் வந்த கடல்வழி திறந்துவிட்டது. அவரோடு மேடையேறியவர்கள், அவர் குரலை நேரிற் கேட்டவர்கள் இன்னமும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் முதியவர்கள். அவர்களிடம் இருப்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்று ஒதுக்கத் தவறிய இடத்தை இங்கேயாவது ஒதுக்குகிறேன்.