வெள்ளை மாளிகைக்குள் ஒரு வீடு

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவியர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதும் வழக்கம் தயங்கித் தயங்கியே வளர்ந்தது. குடியரசுத் தலைவராக இருந்த யுலிசீஸ் கிராண்டின் நினைவுகளை 1885இல் மார்க் ட்வைனின் பதிப்பகம் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது. அவருடைய மனைவி ஜூலியாவும் எழுதினார். ஆனால் 1902இல் அவர் இறந்து 73 ஆண்டுகள் கழித்துத்தான் அது அச்சேறியது.

தலைவரின் மனைவியரில், தாம் உயிரோடிருக்கும்போதே தன்வரலாறு வெளியிட்ட முதலாமவர் ஹெலன் டாஃப்ட். கணவர் பதவியேற்ற இரண்டே மாதத்தில், 1909 மே மாதம், அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல் சொல்லாக அவரை மீண்டும் பேசப் பழக்கினார். 1914இல் வந்த நூலோ பிலிப்பைன்ஸ் வாழ்க்கையை விரிவாகச் சொல்லிவிட்டு, இந்த நோயைச் சுருக்கமாகக் கடந்துபோகிறது. அரசு வீட்டில் நோயை மறைப்பதே அன்றைய முறை.

மறைத்ததன் விலை எடித் வில்சனின் நூலில் தெரிகிறது. 1919 அக்டோபர் 2 அன்று அவருடைய கணவர், தலைவர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தார். எவ்வளவு கடுமையான நோய் என்பது நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. கோப்புகளும் அமைச்சர்களும் எடித்தைத் தாண்டித்தான் நோயாளியை அடைய முடிந்தது. பொதுக் காரியத்தில் ஒரு முடிவும் தாம் எடுத்ததில்லை என்று 1939இல் வந்த தம் நூலில் அவர் உறுதியாகச் சொல்கிறார். எது முக்கியம், எதை எப்போது கணவரிடம் கொண்டுபோவது என்பதை மட்டுமே தாம் தீர்மானித்ததாகவும் எழுதுகிறார். ஆட்சியில் அதைவிடப் பெரிய முடிவு ஏது? தம்மைக் காத்துக்கொள்ள எழுதிய வரிகளே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கின்றன.

வெள்ளை மாளிகையில் இருந்தபடியே 1937இல் தன்வரலாறு வெளியிட்டவர் எலினோர் ரூஸ்வெல்ட். 1921இல் கணவரை இளம்பிள்ளைவாதம் தாக்கியதும், அதன்பின் மாமியாரோடு மூண்ட இழுபறியும் அதில் உள்ளன. கணவருக்கு வேறொரு பெண்ணோடு இருந்த உறவைப் பற்றி மட்டும் அவர் எந்த நூலிலும் எழுதவில்லை.

உண்மையான திருப்பம் பெட்டி ஃபோர்டிடம் நிகழ்ந்தது. கணவர் பதவியேற்ற ஏழு வாரத்தில், 1974 செப்டம்பரில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதை நாடறியச் சொன்னார்; பெண்கள் பலர் பரிசோதனைக்குப் போனார்கள். 1978இல் அவர் நூல் முடியும் தறுவாயில், குடும்பத்தார் ஒன்றுகூடி அவருடைய மாத்திரைப் பழக்கத்தையும் குடியையும் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார்கள். லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபின் அந்த அனுபவத்தைக் கடைசி அத்தியாயமாகச் சேர்த்தார். முழுக் கதையையும் 1987இல் தனி நூலாக எழுதினார். தலைவரின் மனைவி எழுதிய நூல்களில் இத்தனை துணிவு அதுவரை இருந்ததில்லை.

பிறகு வந்தவர்களுக்கு வழி திறந்தது. 1976இல் தம்மை வாட்டிய மனச்சோர்வை பார்பரா புஷ் 1994இல் எழுதினார். 2018இல் வெளிவந்த மிஷெல் ஒபாமாவின் நூல் கருச்சிதைவையும் செயற்கைக் கருத்தரிப்பையும் பேசுகிறது: கணவர் சட்டமன்றப் பணிக்காக வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக அவர் ஊசியைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்கிறார்.