முதுமையில் மறையும் நடுப்பார்வை: மாகுலா சிதைவை மருத்துவம் அறிந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாத கண்ணில் ஏற்படும் பார்வையிழப்பு அனைத்தையும் ஐரோப்பிய மருத்துவர்கள் ‘அமரோசிஸ்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவந்தனர். உயிருள்ள மனிதரின் கண்மணிக்குப் பின்னே நிகழ்வதைக் காண அன்று வழியில்லை. ஆகவே அப்பெயர் நோயைவிட மருத்துவரின் திகைப்பையே சுட்டியது எனலாம். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு விழித்திரையைப் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப் என்னும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட பிறகே அந்த இருள் விலகத் தொடங்கியது.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் அமைந்து, ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் மெல்லிய படலம். அதன் நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர் அளவில் உள்ள மஞ்சள் நிற வட்டமே மாகுலா. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இச்சிறு வட்டத்தின் வேலை என்பதால், இது சிதைந்தவர்கள் முழுக் குருடர் ஆவதில்லையென்றாலும், எதை உற்றுப் பார்க்கிறார்களோ அது மட்டும் மறைந்துபோகும் விந்தையான இழப்புக்கு ஆளாகின்றனர். நெதர்லாந்து மருத்துவர் டான்டர்ஸ் 1855இல், முதியோரின் விழித்திரைக்கு அடியில் படியும் வெளிர்மஞ்சள் படிவுகளை விவரித்தார். ட்ரூசன் என்று இன்று அழைக்கப்படுபவை இவையே. 1874இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஜொனாதன் ஹட்சின்சனும் வாரன் டேயும், முதியோரின் இரு கண்களிலும் ஒன்றுபோல் நடுப்பகுதியைத் தாக்கும் ஒரு நோயை எடுத்துரைத்தனர். 1885இல் ஸூரிச் மருத்துவர் ஓட்டோ ஹாப் இந்நோயை முதுமை மாகுலா சிதைவு என்று குறித்தார்.

பெயர் கிடைத்தபின்னும் நோயின் உருவம் தெளிவடைய நெடுங்காலம் ஆயிற்று. மாகுலாவின் செல்கள் மெல்ல மெல்ல மடியும் உலர் வகையும், விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்கள் கசிந்து சில வாரங்களிலேயே பார்வையைப் பறிக்கும் ஈர வகையும் வெவ்வேறு நோய்களாகவே எண்ணப்பட்டன. 1961இல் இந்தியானாவைச் சேர்ந்த நோவோட்னி, ஆல்விஸ் ஆகிய இருவர், ஃபுளோரசின் என்னும் ஒளிரும் சாயத்தைக் கைச் சிரையில் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் பாய்வதைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். கண் மருத்துவ இதழ் ஒன்று ஏற்க மறுத்த அக்கட்டுரை, இதய நோய்களுக்கான இதழில் வெளிவர நேர்ந்தது. அம்முறையைக் கையாண்ட மயாமி மருத்துவர் டொனால்ட் காஸ், ட்ரூசன் படிவும் உலர் சிதைவும் ஈரக் கசிவும் ஒரே நோயின் நிலைகளே என்று 1967இல் நிறுவினார்.

ஆனால் நோயை அறிந்ததற்கு ஈடாகச் சிகிச்சை வளரவில்லை. கசியும் குழாயை லேசர் கதிரால் சுடும் முறை 1980களில் பரவியது. கசிவு மாகுலாவின் நட்டநடுவில் இருந்தாலோ, சூடு பட்ட இடத்தில் பார்வையும் உடனே அழிந்தது. பிற்கால இழப்பைக் குறைக்க இன்றைய பார்வையை விலையாகக் கொடுக்கச் சொன்ன இம்முறையைச் சிகிச்சை என்பதைவிடச் சமரசம் என்பதே பொருந்தும்.

உண்மையான திருப்பம் புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. புற்றுக்கட்டி வளர்வதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் தேவை என்றும், அவற்றைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றும் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்தின் தொடர்ச்சியாக, குழாய்களை முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்னும் புரதத்தை 1989இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா பிரித்தெடுத்தார். அப்புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. கண்ணுக்கென அதே நிறுவனம் உருவாக்கிய ராணிபிசுமாப் 2006இல் அனுமதி பெற்றது. இடைப்பட்ட 2005இல் மயாமியின் பிலிப் ரோசன்ஃபெல்ட், புற்றுநோய் மருந்தையே மிகச் சிறு அளவில் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்திப் பயன் கண்டார். அன்று ராணிபிசுமாப் ஊசி ஒன்றின் விலை ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. கண்ணுக்கெனச் சிறு அளவுகளாகப் பிரித்த பெவாசிசுமாப்பின் விலை ஏறத்தாழ 50 டாலராக இருந்தது. இரண்டும் பார்வையைக் காப்பதில் சமமே என்று அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் நிதியளித்த ஒப்பீடு 2011இல் காட்டியது. அத்தகைய ஒப்பீட்டை அரசுப் பணத்தில்தான் நடத்த வேண்டியிருந்தது என்பதில் வியப்பில்லை. மலிவான மருந்தின் தகுதியை மெய்ப்பிப்பதில் அதை விற்பவருக்கே ஆதாயம் இல்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பெவாசிசுமாப்பைக் கண் நோய்க்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இவையெல்லாம் ஈர வகைக்கே பொருந்தும். நோயாளிகளில் பெரும்பாலோரைப் பற்றியிருக்கும் உலர் வகைக்கு, நோய் இடைநிலையில் உள்ளோரிடம் அது முற்றுவதை நான்கில் ஒரு பங்கு குறைக்கும் விட்டமின், துத்தநாகக் கலவை 2001இல் கிடைத்ததோடு முன்னேற்றம் நின்றிருந்தது. உலர் வகையின் முற்றிய நிலைக்கு முதல் மருந்தை அமெரிக்கா 2023இல்தான் அனுமதித்தது. அதுவும் சிதைவின் வேகத்தைக் குறைக்கிறதே தவிர, இழந்த பார்வையை மீட்பதில்லை.