பொஹீமியாவின் கிண்ணம்

இறுதி இராவுணவில் இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபின் திராட்சை இரசக் கிண்ணத்தையும் சீடர்களிடம் நீட்டி, எல்லாரும் அதில் பருகும்படி சொன்னார் என்கிறது மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அதிகாரம். முதல் ஆயிரம் ஆண்டுகளில் திருப்பலிக்கு வந்த பொதுமக்கள் அப்பத்தையும் இரசத்தையும் சேர்த்தே பெற்றார்கள். கிழக்கத்தியத் திருச்சபைகளில் அந்த வழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கிண்ணம் குருவுக்கு மட்டுமே உரியதாக ஒதுங்கிப்போனது. எந்தத் திருத்தந்தையும் ஆணையிட்டு இது தொடங்கவில்லை. கூட்டம் நெருக்கும் கோயிலில் கிறிஸ்துவின் இரத்தம் தரையில் சிந்திவிடுமோ என்ற அச்சமே முதற்காரணம். அதற்குரிய இறையியல் விளக்கமும் கூடவே வளர்ந்தது: அப்பத்தின் வடிவிலேயே கிறிஸ்து உடலும் இரத்தமுமாக முழுமையாக இருக்கிறார், ஆகவே கிண்ணத்தைப் பெறாதவர் எதையும் இழப்பதில்லை. தாமஸ் அக்குவினாஸ் இந்த வழக்கத்தை இவ்வாறே ஆதரித்தார்.

இந்த வழக்கத்தை விவிலியத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்ட முதல் நாடு பொஹீமியா, இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. 1414-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பிராக் பல்கலைக்கழக ஆசிரியரான ஸ்திரீப்ரோ ஊர் யாக்கூபெக்கும் அவருடைய தோழர்களும் நகரின் சில கோயில்களில் பொதுமக்களுக்குக் கிண்ணத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய வசனங்கள் வலுவானவை. மானிட மகனின் இரத்தத்தைக் குடியாதவர்க்கு வாழ்வில்லை என்கிறது யோவான் 6:53. கொரிந்து நகரத்துச் சபை முழுவதற்கும் எழுதிய பவுல், ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்து அப்பத்தை உண்டு கிண்ணத்தில் பருகட்டும் என்கிறார். எதிர்த்தரப்பிலும் விவிலியம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இராவுணவில் இருந்தவர்கள் அப்போஸ்தலர்கள், அதாவது குருக்கள். ஆகவே அந்தக் கட்டளை குருக்களுக்கே என்றார்கள். அதே யோவான் 6-ஆம் அதிகாரம் அப்பத்தை உண்பவர் என்றும் வாழ்வார் என்று 51-ஆம் வசனத்தில் சொல்வதையும் சுட்டினார்கள். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய வரிகளுக்கு அவர்களிடம் அத்தனை எளிதான பதில் இல்லை.

அப்போது கான்ஸ்டன்ஸ் நகரில் பொதுச்சங்கம் கூடியிருந்தது. 1415 ஜூன் 15 அன்று அது வெளியிட்ட ஆணை இந்த வரலாற்றின் மையம் எனலாம். கிறிஸ்து இரண்டு வடிவிலும் ஏற்படுத்தினார், தொடக்கத் திருச்சபையின் மக்களும் அப்படியே பெற்றார்கள் என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. அவ்வாறு இருந்தபோதிலும், தக்க காரணத்தோடு புகுந்து நெடுங்காலம் நிலைத்த வழக்கத்தைச் சட்டமாகவே கொள்ள வேண்டும், எவரும் தம் விருப்பப்படி மாற்றலாகாது என்றது. பழைய வழக்கம் எது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கிறிஸ்து ஏற்படுத்திய முறையை மாற்றும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டா என்பதே வழக்கு. மரபைப் பற்றிய பிற்கால விவாதங்களிலும் இதே கேள்வி திரும்ப எழுந்தது.

மூன்று வாரங்கள் கழித்து, ஜூலை 6 அன்று, அதே சங்கம் பிராக் நகரின் பெரும் போதகர் யான் ஹுஸைப் பதிதன் எனத் தீர்ப்பளித்து எரிக்கச் செய்தது. கிண்ணத்தை மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் அவர் ஊரைவிட்டுப் போனபின் தொடங்கியது; சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அதை எதிர்க்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவருடைய மரணம் கிண்ணத்தை ஒரு நாட்டின் கொடியாக்கிவிட்டது. பொஹீமியாவையும் மொராவியாவையும் சேர்ந்த 452 பிரபுக்கள் முத்திரையிட்டுக் கண்டனம் அனுப்பினார்கள். 1417-இல் பிராக் பல்கலைக்கழகமே கிண்ணத்தின் பக்கம் நின்றது. 1419 ஜூலை 30 அன்று யான் ஷெலிவ்ஸ்கி என்ற குருவின் பின்னே ஊர்வலம் சென்ற மக்கள், நகர மன்றத்தின் சன்னல் வழியே மன்றத்தாரைக் கீழே வீசினார்கள். தொடர்ந்த போர்களில் ஐந்து சிலுவைப் படைகள் பொஹீமியாவின் மேல் ஏவப்பட்டன, ஒன்றுகூட வெல்லவில்லை.

கேள்வியைத் தொடங்கியவர்களால் அதற்கு எல்லை கட்ட முடியவில்லை. பிராக் நகரத்தார் திருப்பலியையும் குருத்துவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கிண்ணத்தை மட்டும் மீட்க நினைத்தார்கள். தாபோர் மலையில் குடியேறியவர்களோ விவிலியத்தில் காணாத எதையும் ஏற்கமாட்டோம் என்றார்கள். உத்தரிக்கிற தலம், புனிதர்களிடம் மன்றாடுதல், பூசை ஆடைகள் எல்லாம் போயின. இரு பிரிவும் கடைசியில் 1434 மே மாதம் லிபானி என்ற இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன; அது இந்த வரலாற்றின் மிகத் துயரமான பக்கம்.

அதற்கு ஈராண்டு முன்பு ஓர் அரிய உடன்பாடு நிகழ்ந்திருந்தது. 1432 மே மாதம் கேப் நகரில், பாசெல் பொதுச்சங்கத்தின் தூதர்களும் பொஹீமியரும் கூடி, விவாதத்துக்கு நடுவர் எது என்று முடிவு செய்தார்கள்: இறைச்சட்டம், கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் தொடக்கத் திருச்சபையும் கடைப்பிடித்த முறை, அவற்றில் வேரூன்றிய சங்கங்களும் மறைவல்லுநர்களும். பதிதர் என்று பெயரிடப்பட்டவர்களைப் பொதுச்சங்கம் சமமாக உட்காரவைத்துக் கேட்டது அந்தக் காலத்துக்குப் பெரும் காரியம். 1433-இல் பாசெலில் பொஹீமியரின் தரப்பில் யான் ரோக்கிட்சானா கிண்ணத்துக்காக வாதாடினார். சங்கத்தின் தரப்பில் ரகூசா ஊர் யோவான் பல நாள்கள் பேசி மறுத்தார். முடிவில் பிறந்த ஒப்பந்தம் 1436 ஜூலையில் யிஹ்லாவாவில் அறிவிக்கப்பட்டது. விரும்பும் பெரியவர்களுக்குக் கிண்ணம் தரலாம். ஆனால் ஒவ்வொரு வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று குரு போதிக்க வேண்டும். பொஹீமியர் ரோக்கிட்சானாவைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரோமை கடைசிவரை அவரை ஏற்கவில்லை. 1462-இல் திருத்தந்தை இரண்டாம் பயஸ் ஒப்பந்தத்தையே செல்லாது என்றார். ஆயினும் 1485-இல் குட்னா ஹோராவில் கூடிய நாட்டவை, கிண்ணத்தைப் பெறுவோர், பெறாதோர் என்ற இரு வழிபாட்டினருக்கும் சம உரிமை அளித்தது.

லுத்தர் 1520-இல் இதே கேள்வியை எழுப்பியபோது அதற்கு நூறு வயது கடந்திருந்தது. திரிதெந்து பொதுச்சங்கம் 1562 ஜூலையில், இரு வடிவிலும் பெறுவது மீட்புக்குக் கட்டாயம் என்போரைச் சபித்தது. ஆனால் கிண்ணம் தரலாமா என்ற முடிவைத் திருத்தந்தையிடம் விட்டது. நான்காம் பயஸ் 1564-இல் ஜெர்மானிய நாடுகளின் சில பகுதிகளுக்கும் பொஹீமியாவுக்கும் அனுமதி கொடுத்தார். 1620 நவம்பர் 8 அன்று வெள்ளைமலைப் போரில் பொஹீமியர் தோற்றதும் அதுவும் பறிபோனது. பிராக் நகரின் தீன் கோயில் முகப்பில் இருந்த பொற்கிண்ணம் இறக்கப்பட்டு, அங்கே மரியாவின் உருவம் வைக்கப்பட்டது.

மறைவாகப் பழைய நம்பிக்கையைக் காத்த மொராவியக் குடும்பங்கள் சில 1722-இல் எல்லை தாண்டி, சாக்சனியில் ஹெர்ன்ஹுட் என்ற ஊரை அமைத்தன. அங்கிருந்து கிளம்பிய மொராவியச் சகோதரர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் கதவு திறக்க மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தின் 55-ஆம் பிரிவு, ஆயரின் அனுமதியோடு குறிப்பிட்ட வேளைகளில் பொதுநிலையினரும் இரு வடிவிலும் நற்கருணை பெறலாம் என்றது. பிந்தைய விதிகள் அந்த வேளைகளை மேலும் பெருக்கின.