அணித் தெரிவுப் பாடம்: விளக்கவுரை

அமெரிக்க நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில், சிறுமியரைப் போட்டி அணிக்கு எடுக்கும் முன் பெற்றோர்க்கு அறிவிப்பு விடுத்தல் வழக்கம். அவற்றுள் நல்லனவற்றின் சாரத்தைச் சுருங்கச் சொல்லும் பாடம் ஈண்டுத் தொடர் தொடராகப் பிரித்து உரைக்கப்படுகின்றது.

பாடம்:

அணித் தெரிவு அழைப்புப் பெற்றார்க்கும் பிறர்க்கும் உரித்து. கற்ற வித்தை அன்று, கற்கும் உடலும் மனமும் நோக்கப்படும். தெரிவுக்குக் கட்டணம் சிறிது. பருவத்துக்கு ஆவது பெரிது. அதனை முன்னர் அறிக. பெற்றோர் இருந்து காணலாம். இவ்வாண்டு இடம் பெறாதார் அடுத்த ஆண்டும் வருக.

"அணித் தெரிவு அழைப்புப் பெற்றார்க்கும் பிறர்க்கும் உரித்து" என்பது:

அணித் தெரிவு, அணிக்குத் தெரிவு என விரியும். அணியாவது, வாரம் ஒருமுறை விளையாட்டாக வந்து போகும் வகுப்பினின்றும் வேறாய், மீட் எனப்படும் போட்டிகளில் இறங்கிப் புள்ளி பெறும் குழு. அழைப்புப் பெற்றார், கோச்சின் கண்ணில் முன்னரே பட்டவர். ஒலிம்பிக் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸ் ஆறு வயதில் பகல்நேரக் காப்பகக் குழந்தைகளோடு ஒரு கூடத்தைக் காணச் சென்று, அங்கிருந்தோர் செய்ததைப் பார்த்துத் தாமும் செய்தார். பயிற்சிக்குச் சேருமாறு கூடத்தார் வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினர். அழைப்பு என்றது இத்தகையதனை. பிறர் என்றது வேறு கூடத்தாரையும் புதியரையும். உம்மைகள் எண்ணுப்பொருளன.

"கற்ற வித்தை அன்று, கற்கும் உடலும் மனமும் நோக்கப்படும்" என்பது:

"கற்ற" என்னும் இறந்தகாலப் பெயரெச்சத்தை விலக்கிக் "கற்கும்" என்றமையின், இனி ஆகும் திறனே அளக்கப்படும் என்றவாறு. வித்தை என்றது கார்ட்வீல், பேக் ஹேண்ட்ஸ்பிரிங் முதலியவற்றை. இவற்றை வீட்டு மெத்தையில் தானே பழகிய குழந்தைக்கு வளைந்த முழங்காலும் தளர்ந்த தோளும் பழக்கமாகியிருக்கும். அப்பழக்கத்தைக் களைவது புதிதாகக் கற்பிப்பதினும் கடிது. அதுபற்றி விலக்கினார்.

உடல் நோக்கும் முறை: தலைகீழாய்க் கையூன்றி அசையாது நிற்றல், கால் உதவியின்றிக் கயிறேறல், ஸ்ப்ளிட் அமர்தல், கம்பியில் தொங்கிக் கால்விரலைக் கம்பிக்கு உயர்த்தல். மனம் நோக்கும் முறை நுண்ணிது. ஏழு வயதினள் ஒருத்தி கம்பியில் தொங்கிக் கால் உயர்த்துகின்றாள் எனக் கொள்க. முழங்கால் மடங்க, விரல் கம்பியைத் தொடுகின்றது. கோச், "முழங்காலை நீட்டும்மா" என்று ஒரு முறையே சொல்லுகின்றார். அடுத்த முறை கால் இடுப்பளவே எழுகின்றது. ஆயின் முழங்கால் நேராக நிற்கின்றது. கோச் குறித்துக்கொள்வது இந்த இரண்டாம் முறையை. சொன்னதைக் கேட்டு, எளிய வெற்றியை விட்டு, அரிய சரியைப் பற்றினாள் ஆகலின்.

"தெரிவுக்குக் கட்டணம் சிறிது, பருவத்துக்கு ஆவது பெரிது, அதனை முன்னர் அறிக" என்பது:

இது பாடத்தின் உயிர்நிலை. சிறிது, பெரிது என்பன முரணி நின்று ஒன்றையொன்று விளக்கின. பருவமாவது அணி பயின்று போட்டியிடும் ஆண்டுக்காலம். தெரிவு நாளில் கேட்கும் தொகை அற்பம். கேளாத கூடங்களும் உள. வாயில் எளிதாகத் திறப்பதால் உள்ளேயும் எளிதென்று மயங்கற்க என்பது குறிப்பு.

"கட்டணம்" என முன் கூறியவர் பின்னர் "ஆவது" என்றது ஏன் எனின், கட்டணமாகக் கூடம் வாங்குவது மட்டுமன்றிக் கட்டணம் என்று பெயர் பெறாது கழிவனவும் அடங்குதற்கு. அவையாவன: பயிற்சி மணிக்கேற்ற மாதத் தொகை, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் ஆண்டு உறுப்பினர் தொகை, மீட் ஒவ்வொன்றுக்கும் நுழைவுத் தொகை, கோச்சின் பயணம், தங்கல், உணவு ஆகியவற்றில் தலைக்கு விழும் பங்கு, கல் பதித்த போட்டி லியோடார்ட், கைப்பிடித் தோல். வெளியூர் மீட்டாயின் குடும்பத்துக்கு விடுதி வாடகை; தன் மகளைத் தான் காணப் பெற்றோர் வாங்கும் டிக்கெட்டும் அதனுள் அடங்கும். போட்டி லெவல்களில் 1 முதல் 5 வரை எல்லார்க்கும் அந்தந்த லெவலுக்கு விதித்த ஆட்டமும் இசையுமே. 6 முதல் 10 வரை அவரவர்க்குத் தனி ஆட்டம் ஆகலின், இசைக்கும் அமைப்புக்கும் மேலும் செலவு. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலரில் தொடங்குவது மேல் லெவல்களில் பத்தாயிரத்தைக் கடத்தலும் உண்டு. எக்செல் என்னும் மற்றொரு வழியில் பயிற்சி மணி பெரும்பாலும் குறைவு. ஆதலின் செலவும் குறையும்.

பெற்றோர் கூடி நிதி திரட்டும் பூஸ்டர் கிளப்பால் இது தணியாதோ எனின், தணியும். ஆயின் வரம்பு உண்டு. கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் வழக்கில், பொருள் விற்று நிதி திரட்டிய பெற்றோர்க்குப் புள்ளி அளித்து, அவரவர் பிள்ளையின் செலவிலேயே கழித்தனர். அது தனியார் ஆதாயம் என்று வரித்துறை கிளப்பின் வரிவிலக்கை நீக்க, 2013-இல் அமெரிக்க வரி நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. திரட்டியது அணி முழுமைக்கும் பொதுவாதல் வேண்டும். விற்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. இவ்விதி நன்று.

இனி, கல்லூரி உதவித்தொகையாகச் செலவு மீளும் என்று கருதுவார் உளர். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வைத்துள்ள என்.சி.ஏ.ஏ. கல்லூரிகள் நூற்றுக்கும் குறைவே. அவற்றுள்ளும் மூன்றாம் பிரிவினது விளையாட்டுக்கென உதவித்தொகை தராது. மீளும் முதலென்று எண்ணிச் செலவிடற்க.

"முன்னர்" என்பது எதற்கு முன்? அவாய்நிலையால், தெரிவுக்கு முன் என்பது வருவிக்கப்படும். தெரிவுக்குப் பின் அறிதலால் வரும் கேடு பெரிது. பெயர் அறிவிக்கப்பட்டு, குழந்தை தோழியரைத் தழுவி மகிழ்ந்த பின்னர் ஒப்பந்தத் தாளும் தொகையும் வந்தால், தந்தை மறுக்கவும் மாட்டார், செலுத்தவும் மாட்டார். பருவத்தின் இடையே விலகினும் எஞ்சிய தொகை கட்டவேண்டும் என எழுதிய ஒப்பந்தங்களும் உள. ஆகலின், செலவை மறைத்துத் தெரிவை முன்வைக்கும் கூடம் குழந்தையின் ஆசையைக் கொண்டு பெற்றோரை நெருக்குகின்றது, இது தகாது. பாடம் செலவை ஒளியாது கூறியமையே அதன் சிறப்பு.

இல்லாதார் வாரற்க என்பதோ கருத்து எனின், அன்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆல்-அரவுண்ட் தங்கம் வென்ற சுனி லீக்கு, பீம் என்னும் சமநிலைக் கட்டை வாங்கப் பொருள் இல்லாமையின் தந்தை மரத்தால் ஒன்று செய்து கொல்லையில் நிறுத்தினார். "அறிக" என்றாரே அன்றி "அஞ்சுக" என்றிலர். அறிந்தார் கட்டணச் சலுகை கேட்பர், தவணை கேட்பர், எக்செல் கேட்பர். அறியாதார் கடன் கேட்பர்.

"பெற்றோர் இருந்து காணலாம்" என்பது:

"இருந்து" என்றமையின் வாயிலில் விட்டுப் போதல் வேண்டா என்பதாயிற்று. லாரி நாசர் என்னும் அமெரிக்கத் தேசிய அணி மருத்துவர் சிறுமியர் பலர்க்கு இழைத்த கொடுமை வெளிப்பட்டபின், 2018-இல் சிறார் காப்புக்கென நாட்டுச் சட்டம் கையொப்பமாயிற்று. வயது வந்தோர் சிறாருடன் தனித்துப் பழகல் பிறர் காணவும் இடைபுகவும் இயலுமாறு இருத்தல் வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. "காணலாம்" என்றாரே அன்றிக் "கூறலாம்" என்றிலர்; பார்வையிடத்தினின்று திருத்தம் கூவும் தாயை நோக்கிய குழந்தை கோச்சை நோக்காது.

"இவ்வாண்டு இடம் பெறாதார் அடுத்த ஆண்டும் வருக" என்பது:

"தோற்றார்" என்னாது "இடம் பெறாதார்" என்றார். இடம் என்பது கோச்சின் எண்ணிக்கையும் பயிற்சி மணியும் பற்றி அமைவது. குழந்தையின் குறையைச் சுட்டாது. "ஆண்டும்" என்னும் உம்மை, இம்முறை வந்ததனைத் தழுவியது. ஓராண்டில் எலும்பு வளரும், பிடி வலுக்கும், அச்சம் நீங்கும். ஆகலின் "வருக" என்றது வெற்றாறுதல் அன்று. பட்டியலில் பெயர் காணாத குழந்தைக்குப் பெற்றோர் இவ்வொரு தொடரையேனும் அன்றே படித்துக் காட்டுக.