எத்தனை வரிகள்? – தொலைக்காட்சிப் படத்தின் நுணுக்கம் குறித்த ஒரு தெரிவின் வரலாறு

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோர் இன்று 1080, 2160 என்னும் எண்களின் முன் தயங்கி நிற்பதைக் காணலாம். படத்தை ஆக்கும் கிடைவரிகளின் தொகையையே இவ்வெண்கள் குறிக்கின்றன. தொலைக்காட்சி தோன்றிய காலத்தில் இத்தெரிவு இல்லத்தவர்க்கு உரியதாக இருக்கவில்லை. நிலையம் எத்தனை வரிகளில் படத்தை அனுப்பியதோ, அதற்கமையவே பெட்டியும் ஆக்கப்படல் வேண்டும். ஆகவே ஒரு நாடு ஒரு முறை செய்த தெரிவு அந்நாட்டின் ஒவ்வொரு வீட்டையும் கட்டுப்படுத்திற்று.

பிரித்தானியாவில் செல்ஸ்டன் குழு 1935ஆம் ஆண்டில் 240 வரிகளைக் குறைந்த எல்லையாக விதந்துரைத்தது. 1936 நவம்பர் 2ஆந் திகதி இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் சேவையைத் தொடங்கியபோது இரு முறைகள் வாரம் மாறி வாரம் பரீட்சிக்கப்பட்டன. பெயர்டின் முறை 240 வரிகளைக் கொண்டது. அதில் பெரும்பாலான காட்சிகள் முதலிற் படச்சுருளிற் பிடிக்கப்பட்டு, உடனடியாகக் கழுவப்பட்டு, ஈரம் உலருமுன்னரே மின்குறிகளாக மாற்றப்பட்டன. மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனமோ இலத்திரன் கமராவுடன் 405 வரிகளை முன்வைத்தது. குழு கேட்டதைவிட இத்துணை மிகுதியாக வழங்கத் துணிந்தவர் அந்நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் ஐசாக் ஷோன்பேர்க். 1937 பெப்ரவரியிற் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. இவ்வெற்றியை வரிகளின் தொகைக்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. ஓரிடத்தில் நிலைத்து நின்ற கருவியை இடம்பெயரக்கூடிய கமரா வென்றது என்பதே பொருத்தமாகும்.

405 என்பது போதுமானதா? ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கினும் நுண்ணிய இடைவெளியைச் சாதாரண மனிதக் கண் பிரித்தறியாது. படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்தில் அமர்ந்திருப்பவர் ஏறக்குறைய 570 வரிகள் வரையே வேறுபடுத்திக் காணலாம். நான்கு மடங்கு தூரத்திலோ அத்தொகை 860 அளவில் உயரும். எனவே அக்காலச் சிறு திரைக்கு 405 பெருங் குறையன்று. திரை பெருகப் பெருக வரிகள் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கின.

எனினும் குறை தெரிந்தவுடன் அதனை மாற்ற இயலவில்லை. போரினால் நின்றிருந்த சேவை 1946 யூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியபோது, பழைய 405 வரிகளே தொடர்ந்தன. போருக்கு முன் விற்பனையான பெட்டிகள் ஏறக்குறைய 20,000 மட்டுமே. மாற்றத்திற்கு அதனினும் எளிதான காலம் பிற்பாடு வாய்க்கவில்லை. 1964இல் பி.பி.சி.யின் இரண்டாம் சேவை 625 வரிகளில் வந்தபோது பெட்டிகள் இலட்சக் கணக்கிற் பெருகியிருந்தன. இரு முறைகளையும் ஏற்கும் பெட்டிகளை ஆக்க வேண்டியதாயிற்று. 405 வரிச் சேவை முற்றாக நின்றது 1985 சனவரியிலேயே.

பிரான்ஸ் இதற்கு மறுதலையான வழியை மேற்கொண்டது. 1948 நவம்பரில் அந்நாடு 819 வரிகளைத் தன் நியமமாக்கிற்று. அக்காலத்தில் அதனினும் நுண்ணிய பொதுச் சேவை பிறிதொன்றில்லை. ஆயின் 405 வரிப் படத்திற்கு ஏறக்குறைய 3 மெகாஹேர்ட்ஸ் போதுமாக, இதற்கு 10 மெகாஹேர்ட்ஸ் வரை தேவைப்பட்டது. வானலையோ வரையறையுடையது. பெல்ஜியத்தில் 819 வரிகளை ஒடுங்கிய அலைவரிசையில் அடக்கியபோது மேல்கீழ் நுணுக்கம் நிற்க, பக்கவாட்டு நுணுக்கம் குறைந்தது. ஐரோப்பிய நாடுகள் பல 625ஐ ஏற்றன. 1964இல் பிரான்சின் இரண்டாம் அலைவரிசையும் அதனையே பின்பற்றியது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் அறிமுகமாயிற்று. யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஆயினும் யப்பான் தன் நாட்டிற் கைக்கொண்டிருந்த 525 வரி முறை இங்கு வரவில்லை. 625 வரிகளும் செக்கனுக்கு 50 அரைப்படங்களும் கொண்ட முறையே ஏற்கப்பட்டது; அது இந்நாட்டு மின்வழங்கலின் 50 சுற்றுகளோடும் இயைந்தது. யப்பானியர் தம் நாட்டுப் பாவனைக்கென ஆக்கிய பெட்டியை இங்கு கொணர்ந்து வைத்தவர்க்கு, யப்பானிய உதவியால் எழுந்த நிலையத்தின் நிகழ்ச்சியை அதிற் பார்க்க இயலாது.