அழைக்கும் கருவியும் கேட்கும் செவியும்: சிறு விமானிகளின் அவசரச் செய்திக் கருவிகள் குறித்து

1967 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து கலிபோர்னியா நோக்கிப் பறந்த செஸ்னா 195 வகைச் சிறு விமானம் ஒன்று வடகலிபோர்னியாவின் டிரினிட்டி மலைத்தொடரில் விழுந்தது. அதிலிருந்த கணவன், மனைவி, பதின்ம வயது மகள் மூவரும் மோதலில் உயிர் பிழைத்தனர். உதவி தேடிப் பனிச்சரிவில் இறங்கிச் சென்ற கணவர் திரும்பவில்லை. தாயும் மகளும் விமானத்தின் உடைந்த கூட்டுக்குள்ளேயே காத்திருந்தனர். அக்டோபரில் வேட்டைக்காரர்கள் சிதைவைக் கண்டபோது அதனுள் ஒரு நாட்குறிப்பும் கிடைத்தது. விபத்துக்குப் பின் ஏறத்தாழ எட்டு வாரங்கள் அவர்கள் உயிரோடு இருந்ததை அது காட்டியது. அந்த வாரங்கள் முழுவதும் தேடியிருந்தால் ஒருவேளை கண்டிருக்கலாம். ஆனால் பனிமலையில் அத்தனை நாள் எவரும் பிழைத்திருக்க இயலாதென்று கருதித் தேடல் முன்னரே கைவிடப்பட்டிருந்தது.

சிறு விமானங்களில் அவசர இடங்காட்டும் ஒலிபரப்பியைக் கட்டாயமாக்க வேண்டுமென்ற கோரிக்கைக்கு இந்த நாட்குறிப்பு அளித்த வலுவை வேறெந்த அறிக்கையும் அளிக்கவில்லை. கொலராடோ செனட்டர் பீட்டர் டொமினிக் இதனை முன்னெடுத்தார். சட்டம் நிறைவேறிய விதம் விந்தையானது. 1970-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டத்தில், ஆலைத் தொழிலாளர் குறித்த விதிகளுக்குப் பின்னால், 31-ஆம் பிரிவாக விமானக் கருவி ஒட்டவைக்கப்பட்டது. விமானப் போக்குவரத்து வரலாற்றைத் தேடும் மாணவர் இயல்பாகப் புரட்டும் சட்டங்களில் இது தென்படாமற்போவதற்குக் காரணம் இதுவே.

அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் மற்றொரு மறைவு நிகழ்ந்தது. 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட செஸ்னா 310 விமானத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும், அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் இருந்தனர். 39 நாள்கள் நடைபெற்ற தேடலில் எதுவும் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. அலாஸ்கா மாநிலச் சட்டம் அப்போதே அவசர ஒலிபரப்பியைக் கட்டாயமாக்கியிருந்தது. விமானியிடம் கையடக்கக் கருவி ஒன்று இருக்கவும் செய்தது. அது ஃபேர்பேங்க்ஸில் நின்றிருந்த வேறொரு விமானத்தில் கண்டெடுக்கப்பட்டது. எடுத்துச் செல்ல எளிதான கருவி விட்டுச் செல்லவும் எளிதானது என்னும் சிக்கல் இக்கருவிகளின் வரலாற்றில் மீண்டும் வரவிருந்தது.

ஈ.எல்.டி. எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட இந்த ஒலிபரப்பிகள் 1970களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கச் சிறு விமானங்களில் பரவின. மோதலின் அதிர்ச்சியில் தாமாக இயங்கத் தொடங்கி, 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாது ஊளையிடுவது அவற்றின் பணி. சட்டம் இயற்றியோர் ஒன்றை ஏறத்தாழ மறந்தே போயினர். அந்த ஊளையைக் கேட்பதற்கென்று எவரும் நியமிக்கப்படவில்லை. மேலே கடந்து செல்லும் பயணிகள் விமானத்தின் ஓட்டுநர் தற்செயலாக அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால் கேட்கும், இல்லையேல் இல்லை. ஆயிரக்கணக்கான வாய்கள் படைக்கப்பட்டன. செவி ஒன்றும் படைக்கப்படவில்லை.

செவியைத் தேடும் முயற்சி எளிய இடத்திலிருந்து தொடங்கியது. கனடிய ஆய்வாளர்கள் அமெச்சூர் வானொலியாளர்களின் ஆஸ்கார்-6 செயற்கைக்கோளைக் கொண்டு, தரையிலிருக்கும் சிறிய ஒலிபரப்பியின் இடத்தை டாப்ளர் விலகலால் கணிக்க முடியுமென்று காட்டினர். நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது மந்தமாகவும் கேட்பதே இதன் அடிப்படை. செயற்கைக்கோள் கடக்கும்போது அதிர்வெண் எவ்வாறு மாறுகிறதென்று அளந்தால் ஒலிபரப்பி எங்கே உள்ளதென்று தெரிந்துவிடும். 1979-இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பனிப்போர் மீண்டும் கடுமையடைந்த ஆண்டுகள் அவை. ஆயினும் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் இவ்வமைப்பின் முதற் செயற்கைக்கோளைச் சோவியத் ஒன்றியம் 1982 ஜூன் 30 அன்று ஏவியது. செப்டம்பரிலேயே அது பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பள்ளத்தாக்கில் விழுந்த சிறு விமானத்தின் ஒலியைப் பிடித்துக் கனடியத் தரைநிலையத்துக்கு அளிக்க, மூவர் மீட்கப்பட்டனர். அம்மூவரும் அங்கே சென்றிருந்ததே முன்னர்க் காணாமற்போன மற்றொரு சிறு விமானத்தைத் தேடித்தான்.

செவி கிடைத்தபின் வாயின் குறை வெளிப்பட்டது. 121.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு அடையாளம் ஏதுமில்லை. யாருடையது என்று அது சொல்லாது. முரட்டுத் தரையிறக்கத்தில் கூவத் தொடங்கிய கருவி, கொட்டகையில் பூட்டிய விமானத்துக்குள் இரவெல்லாம் கூவிக்கொண்டிருக்கும். பீட்சா அடுப்பு, பணம் வழங்கும் எந்திரம், விளையாட்டரங்கின் மதிப்பெண் பலகை ஆகியவற்றிலிருந்து கசிந்த அலைகளைக்கூடச் செயற்கைக்கோள்கள் அபயக்குரலாகக் கொண்டதுண்டு. நூறு அழைப்புகளில் ஏறத்தாழ 97 பொய்யானவை என்னும் நிலையில், மீட்புப் பணியாளர் ஒவ்வொன்றையும் ஐயத்தோடு அணுகியதைக் குறை கூற இயலாது. இதற்கு மாற்றாக வந்த 406 மெகாஹெர்ட்ஸ் எண்முறைக் கருவி தன் அடையாள எண்ணைச் செய்தியிலேயே சுமந்து செல்கிறது. பதிவேட்டைத் திறந்து உரிமையாளரின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் பொய் எது, மெய் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஆனால் அமெரிக்க விதிகள் பழைய கருவியை விமானத்தில் தொடர்ந்து வைத்திருக்க அனுமதித்தன. செலவைக் காட்டி விமான உரிமையாளர்கள் எழுப்பிய எதிர்ப்பு இதற்கொரு காரணம். இவ்வாறு சட்டம் கேட்ட கருவி ஒரு பக்கமும், வானத்தின் செவி மறு பக்கமும் நின்ற விசித்திர நிலை மீண்டும் உருவாயிற்று.

இந்த இடைவெளியில்தான் கருவி விமானத்தை விட்டு விமானியின் சட்டைப்பைக்கு இடம்பெயர்ந்தது. பி.எல்.பி. எனப்படும் தனிநபர் குறிப்பலைக் கருவிக்கு அமெரிக்கா 2003 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அனுமதி அளித்தது. எனினும் மோதலுக்குப் பின் அழைப்பது என்னும் பழைய எண்ணத்தையே இதுவும் பின்பற்றியது. மோதலில் உணர்கம்பி முறிந்தாலும், தீப்பற்றினாலும், விமானி நினைவிழந்தாலும் அழைப்பு எழாது. உதவி மிகத் தேவைப்படும் வேளையே கருவி பயனற்றுப்போக மிக வாய்ப்புள்ள வேளையாகவும் இருந்தது.

2007 செப்டம்பர் 3 அன்று ஸ்டீவ் ஃபாசெட்டின் மறைவு இதனை உலகறியச் செய்தது. பலூனிலும் விமானத்திலும் தனியாக உலகைச் சுற்றிய அந்தச் சாதனையாளர் நெவாடாவின் பண்ணையொன்றிலிருந்து, பயணத் திட்டம் ஏதும் பதியாமல், சிறு விமானத்தில் உலாவச் சென்றார். அவசர ஒலிபரப்பி பொருந்திய கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் உண்டு; அன்று அதை அவர் அணியவில்லை. விமானத்தின் ஈ.எல்.டி.யும் மௌனம் காத்தது. ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேடினர். செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் பரப்பி, பொதுமக்களைக் கொண்டு கட்டம் கட்டமாகப் பார்வையிட்டனர். பழைய விபத்துகளின் சிதைவுகள் பல கிடைத்தன, ஃபாசெட் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் கலிபோர்னியாவின் மாமத் லேக்ஸ் அருகே மலையேறி ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டார். அதன் பிறகே, பண்ணையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் விமானம் கண்டுபிடிக்கப்பட்டது.

அவர் மறைந்த சில வாரங்களில் ஸ்பாட் என்னும் உள்ளங்கையளவுக் கருவி சந்தைக்கு வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை குளோபல்ஸ்டார் செயற்கைக்கோளுக்கு அனுப்புவது அதன் சிறப்பு. இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சிறு விமானம் பத்து நிமிடத்தில் சுமார் 31 கிலோமீட்டர் செல்லும். கடைசிப் புள்ளியைச் சுற்றி அந்த ஆரத்தில் வட்டமிட்டால் தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர். இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்தால் அது 120-க்கு இறங்கிவிடும். செல்லும் திசையும் தெரிந்தால் இன்னும் சுருங்கும். கருவி மோதலில் நொறுங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. நொறுங்குமுன்பே அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. அமெச்சூர் உரிமம் பெற்ற விமானிகள் சிலர், பாப் புரூனிங்கா வடிவமைத்த ஏ.பி.ஆர்.எஸ். முறையில் 144.39 மெகாஹெர்ட்ஸில் இதே வேலையை முன்பே செய்துவந்தனர் என்பதையும் மறக்கலாகாது; ஆஸ்கார்-6 போலவே இதிலும் ஆர்வலர் கூட்டம் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் முந்திக்கொண்டது. மலேசிய விமானம் எம்.எச். 370 மறைந்த பின்னரே பெரும் பயணிகள் விமானங்களைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிக்கும் உலகளாவிய நெறி, 2018 நவம்பரில், நடைமுறைக்கு வந்தது.

2011-இல் டிலோர்ம் நிறுவனம் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக இயங்கும் இன்ரீச் கருவியை வெளியிட்டது. 2016-இல் அந்நிறுவனத்தைக் கார்மின் வாங்கியது. ஸ்பாட் பேச மட்டுமே செய்தது. இன்ரீச் மறுமொழியையும் பெற்றது. வயல்வெளியில் பாதுகாப்பாக இறங்கிய விமானி, காயமில்லை, எரிபொருள் போதும் என்று எழுத முடியுமானால் ஒரு ஹெலிகாப்டர் வீணாகப் புறப்படாது. ஆனால் இந்த மாற்றத்தோடு செவியின் உரிமையும் கைமாறியது. காஸ்பாஸ்-சார்சாட்டில் அழைப்பைப் பெறுவது அரசுகளின் உடன்பாட்டால் இயங்கும், கட்டணமற்ற அமைப்பு. ஸ்பாட், இன்ரீச் அழைப்புகளோ சந்தாவால் இயங்குபவை. அவை டெக்சாஸிலிருந்த தனியார் மையத்துக்குச் சென்றன. சந்தா காலாவதியானால் கருவி ஊமை. இந்த வேறுபாட்டை வணிக விளம்பரங்கள் மட்டுமன்றி, தொழில்நுட்ப வரலாற்று நூல்களும் எளிதில் கடந்துவிடுகின்றன.

இந்தியாவில் இவ்வேறுபாடு சட்டத்தின் வடிவையே எடுத்திருக்கிறது. தேடலின் அருமையை இந்நாடு அறியாததன்று. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் மறைந்தபோது, அது விழுந்த குன்றை அறிய ஒரு பகலும் ஓரிரவும் கடந்தன. 2011-இல் அருணாசல முதலமைச்சர் டோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டரைத் தேடப் பல நாள்கள் ஆயின. முதலமைச்சர்களுக்கே இந்நிலை என்றால், தௌலாதார் மலைச்சரிவில் தனியே பறக்கும் பாராகிளைடர் விமானியின் நிலையை விளக்க வேண்டியதில்லை. காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் இந்தியா பங்கேற்கிறது. இஸ்ரோவின் பெங்களூரு கட்டுப்பாட்டு மையம், பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ள தரைநிலையங்களின் துணையோடு, இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு முதலிய நாடுகளுக்கும் சேர்த்துச் செவியாக விளங்குகிறது. இரிடியம் போன்ற தனியார் வலைகள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கோ, 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் தடையாக நின்றன. 2008 மும்பைத் தாக்குதலில் செயற்கைக்கோள் தொலைபேசி பயன்பட்டது இத்தடையை இறுக்கியது. 2024 டிசம்பரில்கூட, இன்ரீச் கருவியுடன் வந்த வெளிநாட்டவர் கோவா விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட செய்தி வெளியானது.

பாதுகாப்புத் துறையின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் உரையாடலை மறைக்கவல்ல தொலைபேசியையும், இருக்குமிடத்தை அறிவிப்பதையே முதற்பணியாகக் கொண்ட கருவியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. இன்று இந்திய மலையில் விழும் விமானியின் பதிவு செய்யப்பட்ட 406 கருவி எழுப்பும் குரல் பெங்களூருக்கு நேரே வருகிறது. அவர் சட்டைப்பையில் உரிமமின்றி ஓர் இன்ரீச் இருந்தால் அதன் குரல் முதலில் அமெரிக்காவிலுள்ள மையம் ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து தொலைபேசியில் இந்திய அதிகாரி ஒருவரைத் தேடி வர வேண்டும். மீட்கப்படுபவர் மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது, அக்கருவி எவ்வாறு நாட்டுக்குள் வந்தது என்னும் கேள்விக்கும் விடை கூற வேண்டியிருக்கும்.